பெரிய ஹெட்போனில் கேட்ட பெண்குரல்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் வாப்பாவுக்கு மஸ்கட்டில் இன்னொரு பெண்டாட்டியும் ஒரு பிள்ளையும் இருப்பதாக ஒரு கோடை விடுமுறை முழுக்க நான் நம்பிக்கொண்டிருந்தேன். யாரும் சொல்லி நம்பவில்லை. சொந்தக் காதால் கேட்டு நம்பினேன். அதுவும் சாதாரணக் காது இல்லை. பெரிய கறுப்பு ஹெட்போன் மாட்டிய காது. ஆறாம் வகுப்பு முடித்து ஏழுக்குக் காத்திருந்த ஒரு துப்பறியும் புலிக்கு இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?

இந்த வயதில் இது ஏன் நினைவுக்கு வந்தது என்றால், போன மாதம் என் மகள் எனக்கு ஒரு புது ஹெட்போன் வாங்கித் தந்தாள். மும்பை விக்ரோலியில் வேலை பார்க்கிறாள். ரயிலில் போகும்போது உலகமே காதில் விழக்கூடாது என்று நினைக்கிற தலைமுறை. வயர் கிடையாது. "சுத்தி இருக்கிற சத்தத்தையெல்லாம் இதுவே அழிச்சிரும் பப்பா" என்றாள். அழித்துவிடும் என்று சொல்லும் எந்தச் சாமானையும் நான் நம்புவதில்லை. அதற்குக் காரணம் உண்டு, கடைசியில் வரும்.

"ஃபர்ஸ்ட் இம்ப்ரெஷன் போலோ, பப்பா" என்று மொபைலை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். மாட்டினேன். மின்விசிறி சுற்றியது, சத்தம் இல்லை. குக்கர் ஊமையாயிற்று. சமையலறை வாசலில் என் மனைவியின் வாய் அசைந்தது, ஒரு எழுத்துகூட வந்து சேரவில்லை. "அடடா, முப்பது வருஷமா எங்கடா இருந்த நீ" என்று ஹெட்போனைப் பார்த்து மெதுவாகத்தான் சொன்னேன். என் குரலே எனக்குக் கேட்காததால் கொஞ்சம் உரக்கச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அன்று சாயங்காலம் டீ வரவில்லை.

ஆனால் அந்த முதல் அமைதி இருக்கிறதே, அது என்னை அப்படியே தூக்கிக்கொண்டுபோய் தாராவியில் எங்கள் பழைய கோலிக்குள் உட்காரவைத்துவிட்டது. நம் வயதுக்காரர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். என் மகளுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும். முதல் பத்தியைத் தாண்டுவதற்குள் அவளுக்கு இறங்குகிற ஸ்டேஷன் வந்துவிடும். அந்த தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

கோலி என்றால் ஒரே அறை. கீழே உம்மாவும் நானும். மேலே ஏணி வைத்து ஏறுகிற தட்டில் மாமா. மாமா என் உம்மாவின் தம்பி, அக்காளை லாத்தா என்பார். எதிரே இருந்த தோல் பை பட்டறையில் வேலை. பகல் முழுக்க அந்தப் பட்டறையிலிருந்து சுத்தியல் சத்தம் வரும், டொக் டொக் என்று. வீட்டுக்குப் பின்னால் கொஞ்ச தூரத்தில் ரயில் பாதை. இந்த இரண்டு சத்தமும் நின்றால்தான் எங்களுக்கு ஏதோ தப்பு என்று தோன்றும்.

வாப்பா மஸ்கட்டில். நான் கைப்பிள்ளையாக இருக்கும்போது போனவர். இடையில் ஒரு தடவை லீவில் வந்து, நான் பழகுவதற்குள் திரும்பிவிட்டார். ஃபோன் பண்ண வேண்டுமென்றால் நாற்சந்தி நாக்காவில் இருந்த பூத் வரைக்கும் போய் வரிசையில் நின்று, பின்னால் நிற்கிறவன் முறைப்பதைப் பார்த்துக்கொண்டே கத்த வேண்டும். கடிதமா, வாப்பாவுக்கு எழுதச் சோம்பல், உம்மாவுக்குப் படிக்கச் சோம்பல். அதனால் எங்கள் குடும்பம் கேசட்டில்தான் நடந்தது. நாங்கள் பேசிப் பதிந்து அனுப்புவோம், அவர் பேசிப் பதிந்து அனுப்புவார். செம்பூரில் இருந்த ஒரு ஊர்க்காரர் மஸ்கட்டுக்கும் பம்பாய்க்கும் போய் வந்துகொண்டிருப்பார். கேசட் அவர் பையில் ஏறிப் போகும், அவர் பையில் இறங்கி வரும்.

கேசட் வந்துவிட்டால் எங்கள் கல்லிச் சந்துக்கே திருவிழா. முதல் பக்கம் எல்லாருக்கும். டேப்பை வாசல்படியில் வைத்துச் சத்தமாகப் போடுவோம். வாப்பா ஒவ்வொருவராக ஸலாம் சொல்லுவார். எதிர்க்கோலி மராத்திக்கார மௌசிக்குத் தமிழ் ஒரு சொல் தெரியாது, ஆனாலும் முதல் ஆளாக வந்து உட்காருவாள், ஏனென்றால் நடுவில் அவளுக்கும் ஒரு வரி உண்டு. "மௌசி, சப் டீக் ஹை?" என்று டேப் கேட்கும். "டீக் ஹை பேட்டா, தூ கைஸா ஹை?" என்று மௌசி டேப்புக்குப் பதில் சொல்லுவாள். அது பதில் சொல்லாமல் அடுத்தவருக்கு ஸலாம் சொல்லப் போய்விடும். ஒவ்வொரு தடவையும் மௌசிக்கு அதில் ஒரு சின்ன வருத்தம்.

இரண்டாவது பக்கம் உம்மாவுக்கு மட்டும். அந்தப் பக்கத்தில் உம்மா சிவப்பு நகப்பூச்சில் ஒரு பொட்டு வைத்திருந்தாள். மத்தியானச் சாப்பாடு முடிந்து கல்லி தூங்கும் நேரத்தில் என்னை வெளியே துரத்திவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து கேட்பாள். ஒரு தடவை இல்லை. அதைத் திருப்பி அனுப்பும் வரைக்கும் தினமும்.

அந்தப் பழைய ஹெட்போனைப் பற்றிச் சொல்ல வேண்டும். தலைக்கு ஒரு கம்பி, இரண்டு பக்கமும் ஆரஞ்சு நிறப் பஞ்சு. ஒரு பஞ்சு எப்போதோ தொலைந்து, அந்த இடத்தில் பழைய தாவணித் துணியைச் சுற்றி நூல் கட்டியிருந்தாள். ஒரு காதில்தான் கேட்கும், அதுவும் வயரைக் கட்டைவிரலால் ஒரு கோணத்தில் மடக்கிப் பிடித்தால். அதில் வாப்பா எப்போதும் தகர டப்பாவுக்குள் உட்கார்ந்துதான் பேசினார். என்னைக் கேட்டால் மஸ்கட் என்பது ஒரு பெரிய தகர டப்பா என்றுதான் சொல்லியிருப்பேன்.

அந்த மே மாதம் செம்பூர்க்காரர் கேசட்டோடு ஒரு பெட்டியையும் கொண்டுவந்து வைத்தார். உள்ளே அந்த ஹெட்போன். காதை முழுசாக மூடுகிற இரண்டு கறுப்பு மெத்தைகள், சுருள் சுருளாக நீளும் வயர், கையில் எடுத்தால் நல்ல கனம்.

மாமா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இவ்வளவு நல்ல சாமான மச்சான் சும்மா அனுப்ப மாட்டாரே லாத்தா. அங்க என்ன தப்பு பண்ணுனாரோ!" என்றார்.

"போல மூதேவி. நீ ஒம் பொண்டாட்டிக்கு ஒரு சீப்பாவது வாங்கிக் குடுப்பியான்னு பாக்கேன்" என்றாள் உம்மா.

"பொண்டாட்டியே இல்லியே லாத்தா."

"இந்த வாய வச்சிக்கிட்டு எங்கேருந்து வருவா?"

அவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. 'என்ன தப்பு பண்ணினாரோ' என்பதை மட்டும் எடுத்து உள்ளே பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

அன்றைக்கு முதல் பக்கத்தைப் போட்டபோது இன்னொன்றும் நடந்தது. அந்த மழைக்காலத்தோடு வாப்பாவின் காண்ட்ராக்ட் முடிகிறது. ஊரோடு வந்துவிடப் போகிறாரா, இன்னும் இரண்டு வருஷம் நீட்டப் போகிறாரா, இதுதான் எங்கள் வீட்டில் அப்போது இருந்த ஒரே கேள்வி. வாப்பா அந்த இடத்துக்கு வந்தார். "காண்ட்ராக்ட் விஷயம்..." என்றார். நிறுத்தினார். டேப் மட்டும் ஓடியது. "பாக்கேன்..." என்றார். மறுபடி நிறுத்தினார். கல்லியே உம்மாவின் முகத்தைப் பார்த்தது. உம்மா டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். மௌசிகூட ஏதோ புரிந்த மாதிரி உச்சுக்கொட்டினாள்.

புது ஹெட்போனை உம்மா தொடவில்லை. "புதுசுல்லா, அழுக்காயிரும்" என்று பெட்டியோடு அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டாள். நல்ல பொருள் வந்தால் அதைப் பூட்டி வைத்துவிட்டுப் பழசைத் தேய்ப்பது நம் உம்மாமார்களின் சட்டம். எனக்கு அந்தச் சட்டம் கிடையாது. மறுநாள் அவள் ரேஷன் கடை வரிசைக்குப் போனதும் எடுத்து மாட்டினேன்.

முதலில் கேட்டது, ஒன்றுமில்லாதது. இரண்டு காதிலும் யாரோ சின்னத் தலையணைகளை வைத்து அழுத்தினது போல. எதிர்ப்பட்டறைச் சுத்தியல் எங்கோ தொலைவுக்குப் போனது. வாசலில் தண்ணீர்க் குடத்துக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர் கையை மட்டும் ஆட்டினார்கள். புது ரெக்ஸின் வாசனை. பட்டறைத் தோல் வாசனை இல்லை, புது சூட்கேஸைத் திறந்தால் வருமே, அது. காதோரம் வியர்த்தது. எங்கள் வீட்டில் நான் முதல்முறையாகத் தனியாக இருந்தேன். அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இத்தனை சத்தத்தை எங்கே கொண்டுபோய் ஒளித்து வைத்தது இது? பட்டனை அழுத்தினேன்.

வாப்பா மூச்சு விட்டார்.

அவ்வளவுதான். ஸலாம் சொல்வதற்கு முன்னால் ஒரு மூச்சு. அதுவரை அவருக்கு மூச்சு உண்டு என்பதே எனக்குத் தெரியாது. தகர டப்பாவுக்கு மூச்சு எதற்கு? பிறகு ஒவ்வொன்றாக வந்தது. கண்ணாடி டம்ளரைக் கீழே வைத்தார். கட்டில் கிரீச்சிட்டது. எச்சில் விழுங்கினார். ஸலாமில் வரும் 'ஸ'வில் பல்லிடுக்கு வழியாகக் கொஞ்சம் காற்று போனது. அவருக்கு முன்பல் ஒன்றின் ஓரம் உடைந்திருக்கும் என்பது அந்தக் காற்றைக் கேட்டுத்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. முகம் மறந்துபோன ஒரு மனிதர் என் இரண்டு காதுக்கும் நடுவில், அதாவது என் தலைக்குள், கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்.

சந்தோஷமாகத்தான் இருந்தது, காண்ட்ராக்ட் விஷயம் வரும் வரை.

"காண்ட்ராக்ட் விஷயம்..." நிறுத்தினார். அந்த நிறுத்தத்தில், அவர் குரலுக்கு அடியில், யாரோ பேசினார்கள்.

பெண்.

சொற்கள் புரியவில்லை. அடுத்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிற மாதிரி. மெதுவாக, இழுத்து இழுத்து, கொஞ்சலாக. நடுவில் ஒரு சிரிப்பு. "பாக்கேன்..." என்றார் வாப்பா. மறுபடி நிறுத்தினார். இப்போது ஒரு பொடிப் பிள்ளையின் கீச்சுக்குரல், தெளிவாக, ஒரே ஒரு சொல்:

"வாப்பா!"

ஹெட்போனைக் கழற்றிக் கீழே வைத்தேன். கதவைப் பார்த்தேன். டேப்புக்குப் பின்னால் பார்த்தேன். யாரும் இல்லை. மறுபடி மாட்டி, திருப்பிச் சுற்றிக் கேட்டேன். அதே பெண். அதே சிரிப்பு. அதே பிள்ளை. கூடவே, மெல்லிசாக, ஒரு ரயில் போகிற சத்தம். அதற்கும் அடியில் டொக் டொக்.

குற்றவாளி தன் கையாலேயே சாட்சியையும் அனுப்பி, சாட்சியைக் கேட்கிற கருவியையும் அனுப்பி வைத்திருக்கிறார் என்பது எனக்குக் கொஞ்சமும் வினோதமாகப் படவில்லை. துப்பறிகிறவனுக்கு அந்த மாதிரிச் சின்ன விஷயங்களில் நேரம் போகக்கூடாது.

உம்மா வந்து பையை இறக்கினாள். அரிசியில் கல் பொறுக்க உட்கார்ந்தவளிடம் சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டேன்: "உம்மா, மஸ்கட்ல ரயில் உண்டா?"

"கடல்தான் உண்டு. ஏன் கேக்க?"

"தோல் பட்டறை?"

"என்னல, வேலைக்குப் போகப் போறியா? ஒழுங்கா ஏழாம் வகுப்புப் போ மொதல்ல."

ரயில் இல்லாத ஊரில் ரயில் கேட்டால் வேறு யாராவது யோசித்திருப்பார்கள். நானும் யோசித்தேன். அந்தப் பெண் டிவி வைத்திருக்கிறாள், டிவியில் ரயில் ஓடுகிறது என்று முடிவு செய்தேன். எங்கள் வீட்டில் டிவி கிடையாது. அவள் வீட்டில் இருக்கிறது! கோபம் இரண்டு மடங்கானது. சுத்தியலுக்கு மட்டும் சரியான விளக்கம் அமையவில்லை. வாப்பா அவர்களுக்கு அலமாரி அடித்துக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொண்டேன்.

இனி எனக்குக் கூட்டாளி வேண்டும். சாயங்காலம் பட்டறை வாசலில் மாமாவைப் பிடித்தேன்.

"மாமா, வீட்டுக்குத் தெரியாம ஒரு ஆளு ஒரு பொம்பளகிட்ட பேசிட்டு இருந்தா, அது தப்புதான?"

மாமா கையிலிருந்த பையைக் கீழே வைத்தார். இரண்டு பக்கமும் பார்த்தார். "யாருல சொன்னா ஒனக்கு?"

"யாரும் சொல்லல. எனக்கே தெரியும். காதால கேட்டேன்."

"எங்க வச்சி?"

"அதச் சொல்ல மாட்டேன்."

மாமா என்னைச் சுவரோரமாக இழுத்தார். "உம்மாட்ட சொன்னியா?"

"இன்னும் சொல்லல."

"சொல்லாத. நேரம் வரும்போது நானே சொல்லுவேன். என்ன? நல்ல புள்ளல்லா நீ. வா, வடாபாவ் திங்கலாம்."

ஒன்று இல்லை, இரண்டு வாங்கித் தந்தார், மேலே ஒரு கட்டிங் டீ வேறு. மூன்றாவதும் வேண்டுமா என்று கேட்டார். மாமா எனக்கு அதுவரை ஒரு பட்டாணி வாங்கித் தந்தது கிடையாது. பூண்டுப் பொடியின் காரம் நாக்கில் நிற்க, எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது: மாமாவுக்கும் தெரியும். மச்சானும் மச்சானும் கூட்டு. உம்மாவுக்கு இந்த உலகத்தில் நான் ஒருத்தன்தான் மிச்சம்.

இதற்குள் பழைய ஹெட்போன் உயிரை விட்டது. கட்டைவிரலை எந்தக் கோணத்தில் வைத்தாலும் பேசவில்லை. "சரி, நாளைலேருந்து அந்தப் புதுசத்தான் எடுக்கணும்" என்றாள் உம்மா.

நாளையா! அந்தப் பெரிய மெத்தைகளை மாட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்காரப் போகிறாள். அந்தச் சிரிப்பு அவள் காதில் விழப் போகிறது. மறுநாள் காலை அவள் தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் கேசட்டை எடுத்து, மாமாவின் தட்டில் ஏறி, அவர் மூட்டை கட்டி வைத்திருந்த தோல் துண்டுகளுக்கு நடுவில் சொருகிவிட்டேன். ஒளித்து வைக்க அதைவிட நல்ல இடம் இல்லை என்று நினைத்தேன். மாட்டினால் யார் மாட்டுவார் என்று நினைக்கவில்லை. நினைத்திருந்தாலும் அங்கேதான் வைத்திருப்பேன், எதிரியின் கூட்டாளிதானே.

மத்தியானம் உம்மா தேடினாள். டேப்பைத் தூக்கிப் பார்த்தாள், பாயை உதறினாள், அரிசி டப்பாவுக்குள்கூடக் கையை விட்டுத் துழாவினாள். மாமா சாப்பிட வந்ததும் அவர் மேல் பாய்ந்தாள்.

"எங்கல அந்தக் கேசட்டு? அதுல பாட்டு அடிக்கக் கொண்டுபோனியா?"

மாமாவின் மேல் அந்தச் சந்தேகம் நியாயமானதுதான். கையில் கிடைத்த கேசட்டிலெல்லாம் சினிமாப் பாட்டுப் பதிகிற ஆள். ஒரு தடவை யாரோ கல்யாணத்துக்குப் பதிந்து வைத்த வாழ்த்துரையின் மேலேயே டூயட் பதிந்தவர். ஆனால் இந்த முறை அவர் வாயைத் திறந்தார், என்னைப் பார்த்தார், மூடினார். நான் அவரை முறைத்துக்கொண்டிருந்தேன்.

"ஆமா லாத்தா" என்றார். "தெரியாம... பாட்டு அடிச்சிட்டேன்."

செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்கிறார் என்றால் மறைக்கிற குற்றம் எவ்வளவு பெரியது! எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. உம்மா கத்துவாள் என்று இரண்டு பேரும் தோளைக் குறுக்கிக்கொண்டு காத்திருந்தோம். உம்மாவின் குரல் எங்கள் கல்லியில் பிரசித்தம். அவள் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டால் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் விளையாடுகிற பையன்கள்கூட வீட்டுக்குப் போவார்கள். அந்தக் குரலுக்காகக் காத்திருந்தோம். அது வரவில்லை. உம்மா சோற்றை எடுத்து வைத்துவிட்டு கழுவுகிற மூலையான மோரிப்பக்கம் போய்ப் பாத்திரத்தைத் தேய்க்க ஆரம்பித்தாள். தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்தாள். அன்று மட்டுமில்லை, அதற்குப் பிறகும் மாமாவிடம் பேசவில்லை, என்னைத் திட்டவில்லை. வாசலில் மௌசி வந்து, "பீமார் ஹை க்யா?" என்று, உம்மாவுக்கு உடம்பு சரியில்லையா என, என்னிடம் ரகசியமாகக் கேட்டுவிட்டுப் போனாள்.

மழைக்கு முன்னால் கூரைக்கு நீலப் பிளாஸ்டிக் போடுகிற வேலை நடந்துகொண்டிருந்த நாளில், செம்பூர்க்காரர் ஆள் சொல்லி அனுப்பினார்: சாயங்காலம் வருகிறேன், மஸ்கட்டுக்குப் போகிறேன், கேசட் இருந்தால் தயாராக வையுங்கள். உம்மா கடையில் ஒரு காலிக் கேசட் வாங்கிவந்து டேப்பில் போட்டுவிட்டு, அதன் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தாள். பட்டனை அழுத்தவில்லை. மாமா கூரையிலிருந்து இறங்கி வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"பேசு லாத்தா. நாங்க வெளிய போறோம்."

"என்னத்தப் பேச?" உம்மா பல நாளுக்கு அப்புறம் அவரிடம் வாய் திறந்தாள். "வந்துரவா, இன்னும் ரெண்டு வருஷம் இருக்கவான்னு ரெண்டாவது பக்கத்துல எங்கிட்ட கேட்டிருக்காவ. அந்த ஓட்ட ஹெட்போன்ல வார்த்த கேக்குது, மனசு கேக்க மாட்டேங்கு. ஆசப்பட்டுக் கேக்காவளா, கடனுக்குக் கேக்காவளான்னு தெரியல. புதுசப் போட்டுக் கேட்டா தெரியும்னு இருந்தேன். நீதான் பாட்டு அடிச்சிட்டியே."

மாமா தரையைப் பார்த்தார்.

"நானா வாங்கன்னு சொல்லி, அவிய வந்து, இங்க வேலையில்லாம உக்காந்தா அதுவும் எம் மேலதான வரும்? போகுது. ரெண்டு வருஷம் இருங்கன்னே சொல்லிருதேன்." பட்டனில் விரலை வைத்தாள்.

ரெண்டு வருஷம்! அந்தப் பெண்ணோடு! டிவியோடு!

"வேண்டாம் உம்மா!" என்று கத்தினேன். அந்த விஷயத்தில் நான் உம்மா பிள்ளை; வெளியே பிளாஸ்டிக் கட்டிக்கொண்டிருந்தவன் ஏணியோடு ஆடிப்போனான். "இருக்கச் சொல்லாத! அங்க ஒரு பொம்பள இருக்கா! புள்ளயும் இருக்கு! வாப்பான்னு கூப்பிடுது! நான் கேட்டேன்! மாமாவுக்கும் தெரியும்!"

உம்மாவின் விரல் பட்டனிலேயே நின்றது. மெதுவாக மாமாவைப் பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது லாத்தா! அல்லா மேல..." மாமா என் பக்கம் திரும்பினார். "அடப்பாவி, அப்ப நீ அன்னைக்குச் சொன்னது மச்சானப் பத்தியா? என்னப் பத்தி இல்லியா?"

"ஒன்னப் பத்தி என்ன?" என்றாள் உம்மா.

"ஒண்ணுமில்ல லாத்தா."

"ஒண்ணுமில்லாததுக்கா ரெண்டு வடாபாவ் வாங்கித் தந்திய?" என்றேன் நான்.

மாமா கண்ணை மூடிக்கொண்டார். கோவண்டியில் ஒரு டீச்சர் இருந்தாள் என்பதும், அடுத்த வருஷம் அவள் எனக்கு மாமியாக வருவாள் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. ஆனால் உம்மாவுக்கு அந்த நொடியிலேயே பாதி விளங்கிவிட்டது என்று நினைக்கிறேன். "ஒன்னப் பொறவு கேக்கேன்" என்றாள் அவரிடம். என்னிடம் கையை நீட்டினாள். "கேசட்ட எடு."

தட்டில் ஏறி, தோல் துண்டுகளுக்குள் கையை விட்டு எடுத்துவந்தேன். தன் மூட்டையிலிருந்து அது வெளியே வருவதைப் பார்த்த மாமாவின் முகத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. உம்மா பெட்டியைத் திறந்து அந்தப் பெரிய ஹெட்போனை முதல்முறையாக மாட்டினாள். தலைமுக்காடு அதற்குள் சிக்கிக்கொண்டது. சரிசெய்தாள். எந்த இடம் என்று கண்ணாலேயே கேட்டாள். "காண்ட்ராக்ட் விஷயம்னு சொன்ன பொறவு" என்றேன்.

கேட்டாள். முகத்தில் ஒன்றும் அசையவில்லை. திருப்பிச் சுற்றினாள், கேட்டாள். மூன்றாவது முறை கேட்கும்போது தோள் குலுங்க ஆரம்பித்தது. தலையைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். "அழுவுதால" என்றார் மாமா. எனக்கும் அழுகை வந்துவிட்டது. சொன்னது தப்போ, காலமெல்லாம் மறைத்தே வைத்திருக்க வேண்டுமோ என்று தோன்றியது.

உம்மா திரும்பினாள். கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. ஆனால் வாய் முழுக்கச் சிரிப்பு. என்னை இழுத்து மடியில் சாய்த்து, ஒரு பக்கத்து மெத்தையைத் தூக்கி என் காதுக்கும் அவள் காதுக்கும் நடுவில் வைத்தாள். பட்டனை அழுத்தினாள். வாப்பா நிறுத்தினார். அந்தப் பெண் பேச ஆரம்பித்தாள்.

என் காதுக்கு வெளியே உம்மாவும் பேச ஆரம்பித்தாள். "ரேஷன்ல சீனி போடல இந்த மாசம்... நீங்க அங்கன டீயில சீனி போட்டுக் குடிக்கியளா, இல்ல எங்கள நெனச்சிக்கிட்டே சும்மா குடிக்கியளா..."

இரண்டும் ஒரே வேகத்தில் போயின. உம்மா சிரித்த இடத்தில் அந்தப் பெண்ணும் சிரித்தாள்.

அவ்வளவு மெதுவாக, அவ்வளவு இழுத்து, அவ்வளவு கொஞ்சலாக உம்மா பேசி அதுவரை நான் கேட்டதே கிடையாது. அப்படி ஒரு குரல் அவளிடம் இருந்ததே எனக்குத் தெரியாது. அது எங்கள் வீட்டில் புழங்குகிற குரல் இல்லை. மஸ்கட்டுக்கு மட்டும் போகிற குரல்.

அப்புறம் எங்களை வெளியே போகச் சொல்லிவிட்டு, சிவப்புப் பொட்டு வைத்த பக்கத்தைத் திருப்பிப் போட்டாள். வாசலில் நானும் மாமாவும் நீலப் பிளாஸ்டிக் நிழலில் உட்கார்ந்திருந்தோம். நெடுநேரம் சத்தமே இல்லை. வாப்பாவின் மூச்சைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருப்பாள். பிறகு பட்டன் அழுத்துகிற சத்தம். அவள் என்ன பேசினாள் என்று கேட்கவில்லை, மெதுவாகப் பேசினாள். செம்பூர்க்காரர் வந்து, காலிக் கேசட்டை அல்ல, அந்தப் பழைய கேசட்டையே வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். மழை பிடித்து, பள்ளிக்கூடம் திறந்து, என் புதுக் குடையை நான் தொலைத்திருந்த ஒரு நாள், வாசலில் ஓரம் உடைந்த பல் தெரியச் சிரித்துக்கொண்டு வாப்பா நின்றார். பெட்டியோடு. ஒரேயடியாக.

அந்தக் கேசட்டும் அவர் பெட்டியில் திரும்பி வந்தது. மாமாவின் கல்யாணத்துக்கு முந்தின வாரம், மாமா நிஜமாகவே அதில் பாட்டு அடித்துவிட்டார். உம்மா அவரைத் திட்டிய திட்டு ரயில் பாதைக்கு அந்தப் பக்கமும் கேட்டது. ஹெட்போனின் மெத்தைகள் சில வருஷத்தில் உரிந்து, உம்மா அதற்கும் தாவணித் துணி சுற்றினாள். செம்பூருக்கு வீடு மாறியபோது எங்கோ போய்விட்டது. என் மகள் வாங்கித் தந்த புதுசில் நான் இன்னும் பாட்டு எதுவும் கேட்கவில்லை. அதை மாட்டிக்கொண்டு, சத்தத்தையெல்லாம் அழித்துவிட்டதாக அது சொல்லும்போது, அடியில் யாராவது மிச்சம் இருக்கிறார்களா என்று காதைக் கூர்மையாக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மனைவி கேட்டால் தியானம் என்கிறேன்.

நடந்தது இவ்வளவுதான். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் போய் வந்தது ஒரே கேசட். நாங்கள் பேசியதன் மேல் வாப்பா பேசுவார், அவர் பேசியதன் மேல் நாங்கள் பேசுவோம். அவர் அறையில் இருந்த டேப் பழசு; புதிதாகப் பதியும்போது பழையதை முழுசாக அழிக்கவில்லை. வாப்பா பேச்சை நிறுத்திய இடங்களில், முந்தின தடவை எங்கள் கோலியில் உம்மா தனியாகப் பேசி, கடைசியில் என்னையும் உள்ளே கூப்பிட்டுப் பேசவைத்துப் பதிந்து அனுப்பியது அடியிலிருந்து கேட்டது. ரயில் எங்கள் ரயில். சுத்தியல் எங்கள் எதிர்ப்பட்டறைச் சுத்தியல். பேசிய பெண் என் உம்மா. "வாப்பா, எப்ப வருவிய?" என்று கேட்ட பிள்ளை நான்.